கடல் இல்லாத ஊரில் கொள்ளையர் கப்பல்

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் என் பின்னால் வாருங்கள். சனிக்கிழமை இரவு பத்தரை மணி. அம்பத்தூர் ஏரிப் பக்கத்துத் தெரு ஒன்றில், மாடியும் மொட்டைமாடியுமாக ஒரு வீடு. உள்ளறையில் மூன்று பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஒருத்தி, நாளைக்குப் பிறந்தநாள் கொண்டாடப்போகிறவள். மற்ற இருவரும் கோடை லீவுக்கு ஆவடியிலிருந்து வந்திருக்கும் அவளுடைய பெரியப்பா பிள்ளைகள், அண்ணனும் தங்கையும். இந்தப் பக்கம் ஹாலில் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, மேஜை விளக்கின் வெளிச்சத்தில், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி நால்வரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குச் சாயங்காலம் இந்த வீட்டில் கடற்கொள்ளையர் புதையல் வேட்டை! அதற்கான சதியாலோசனைக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் ஹாலின் கோலத்தைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி சோபாவையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. டி.வி. ஸ்டாண்டின் மேல் கறுப்பு சார்ட், எலாஸ்டிக் நாடா, ஃபெவிகால் டப்பா. காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒன்றின் மேல் டம்ளர், ஒன்றின் மேல் கத்தரிக்கோல், ஒன்றின் மேல் உரிக்காத தேங்காய். கத்திரி வெயில் காலம். பகல் முழுக்க வாங்கிய சூட்டைச் சுவர்கள் இன்னும் விடவில்லை. ஃபேனை வேகமாக வைத்தால் காகிதம் பறக்கிறது, குறைத்தால் ஆள் வேகிறார். இரண்டாம் நம்பரில் ஓடட்டும் என்று சமரசம் ஆகியிருக்கிறது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்தும் அப்பாவின் பனியன் முதுகோடு ஒட்டிப்போயிருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணில் அணியும் கறுப்புப் பட்டையைத் தனக்கே மாட்டிக்கொண்டு, மொபைல் கேமராவில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சதிக்கெல்லாம் தலைவி என் தோழிதான், அதாவது அம்மா. அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. முந்தின வாரமே அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, பாரிமுனைக்கு நடந்து, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் காசி செட்டித் தெருவில் ஜிகினாவும் வாங்கிவந்து பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்.

“மேப் இல்லாம க்ளூ எழுத உட்காரக் கூடாது. ஸ்டீவன்சனே மேப்பைத்தான் முதல்ல வரைஞ்சாரு” என்கிறார் கறாராக. உண்மைதான். 1881ஆம் ஆண்டு கோடையில், ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில், மழை பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே அடைத்துப் போட்டிருந்தது. மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்ன் படம் தீட்டி விளையாட, ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனும் கூட உட்கார்ந்து ஒரு தீவை வரைந்தார். அந்தக் காகிதத் தீவிலிருந்துதான் ‘புதையல் தீவு’ நாவல் முளைத்தது. அந்த ஆண்டே சிறுவர் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கி, 1883இல் புத்தகமானது. பதிப்பாளருக்கு அனுப்பிய மூல வரைபடம் தொலைந்துபோனதால், ஸ்டீவன்சன் தன் கதையையே வரிவரியாகப் படித்து இன்னொரு முறை வரைய வேண்டியதாயிற்று. தோழி இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தரையில் கிடந்த பென்சில் நகலை மொபைலில் போட்டோ எடுத்துவிட்டார். “நமக்கு அந்தக் கதி வேணாம்பா!”

வரைபடத்துக்கு வயசேற்றும் வித்தையை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடுவோம், சமையலறைக்கு வாருங்கள். டீத்தூளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, தாம்பாளத்தில் ஊற்றி ஆறவைத்திருக்கிறார்கள். தடித்த டிராயிங் தாளைக் கசக்கு கசக்கென்று கசக்கி, மறுபடி விரித்து, அதில் முக்குகிறார் தோழி. மடிப்பு விழுந்த இடமெல்லாம் சாயம் கூடுதலாக இறங்கி, தாள் முழுக்கப் பழுப்பு நரம்புகள் ஓடுகின்றன. ஊறிய தாளைக் கையால் தூக்கினால் கிழியும். அதற்குப் பாட்டி தோசைத் திருப்பியோடு தயாராக நிற்கிறார். பக்குவமாக அடியில் விட்டு, ஒரே மூச்சில் தூக்கி, பழைய செய்தித்தாளின் மேல் படுக்கவைக்கிறார். ஈரம் இழுத்ததும் இஸ்திரிப் பெட்டி.

ஓரத்தைக் கருக்க வேண்டும். அப்பா மெழுகுவத்தியை எடுக்கிறார். “அது வேணாம்டா, குப்புனு பிடிச்சுக்கும்” என்று பாட்டி பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு வருகிறார். அபாரமான யோசனை! ஊதுபத்திக் கங்கு தாளின் விளிம்பில் பட்டதும் சிவப்பாக ஒரு கோடு மெதுவாக உள்ளே நகர்கிறது. வேண்டிய அளவுக்கு வந்ததும் விரல் நுனியில் தண்ணீர் தொட்டு அணைத்துவிடுகிறார். அங்கங்கே ஒரு சின்ன ஓட்டை, ஒரு அரை நிலா. கரை முழுக்கச் சுற்றி வந்தபோது, இருநூறு வருஷம் கப்பல் அறையில் கிடந்த தாள் என்று சத்தியம் செய்யலாம். மோந்து பார்த்தேன். டீயும் சந்தனமும் கலந்த வாசனை. கொள்ளையர் வரைபடங்களில் இதுதான் பக்தி மணம் கமழும் ஒரே வரைபடமாக இருக்கும்!

பிறகு பெயர் வைக்கும் படலம். சமையலறை ‘சுக்குத் தீவு’ ஆகிறது. மோட்டார் ரூம் ‘உறுமும் குகை’. பால்கனி ‘காக்கை முனை’. மொட்டைமாடி ‘கத்திரித் தீவு’. கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது என்று கேள்வி வந்ததும் நால்வரும் ஒரே நேரத்தில் “அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட்!” என்று சொல்லிவிட்டு, குரல் உயர்ந்துவிட்ட பயத்தில் உள்ளறைக் கதவைப் பார்க்கிறார்கள். சம்ப் மூடி, இன்வெர்ட்டர், காஸ் சிலிண்டர், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இந்த நான்கு இடங்களிலும் தோழி சிவப்பு மையில் மண்டையோடு வரைகிறார். அந்தப் பக்கம் போகவே கூடாது, போனால் ஒரு காசு அபராதம். இந்த வேட்டையில் மண்டையோட்டுக்கு அதுதான் வேலை, மிரட்டுவதற்காக இல்லை. இதைப் பார்த்ததும் தோழியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சம்ப் மூடியில் பூட்டும் போட்டாயிற்று, அதன் பக்கத்தில் நாளைக்குச் சித்தப்பா நாற்காலி போட்டு உட்காரப்போகிறார்.

இனி குறிப்புகள். இந்த வீட்டில் நாள்காட்டித் தாளைக் கிழித்து எறிவதில்லை. பாட்டி அடுக்கி அடுக்கி வைத்திருக்கும் தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் ஓலை. தாத்தா ஒரு யோசனை சொல்கிறார். “அம்பத்தூர் ஏரி நிரம்பினா உபரித் தண்ணி கொரட்டூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினா ரெட்டேரிக்கு. நம்ம க்ளூவும் அப்படித்தாம்மா போகணும். ஒரு இடத்துல முழுசா தேடினாத்தான் அடுத்த இடம் திறக்கணும்.” மருமகள் “சரியாச் சொன்னீங்க மாமா” என்று கடைசி இடத்திலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்குகிறார். புதையல் எங்கே என்று முதலில் முடிவு செய். அதைக் காட்டும் சீட்டு எங்கே இருக்கும் என்று பார். அந்தச் சீட்டைக் காட்டும் சீட்டுக்குப் போ. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நள்ளிரவு நெருங்கும்போது அப்பா ஃபிரிட்ஜைக் காட்டும் சீட்டை ஃபிரிட்ஜிலேயே ஒட்டிவிட்டு வந்து நின்றாரே, அப்போது பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சீட்டுகளைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ‘கதவைத் திறந்தால் விளக்கெரியும், கத்திரியிலும் குளிரெடுக்கும், என் நெற்றியில் ஒரு ஆப்பிள், அதன் முதுகில் ஒரு ரகசியம்.’ ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் காந்த ஆப்பிள். ‘ஊருக்கே இட்லி தந்தேன், கிரைண்டர் வந்த நாள் முதல் படிக்கட்டுக்கு அடியில் மௌன விரதம்.’ ஆட்டுக்கல்! ‘இதே ஊரில் பிறந்தேன், இரண்டு காலும் வட்டம், தாத்தாவைச் சுமந்து களைத்துச் சுவரில் சாய்ந்தேன்.’ இது தாத்தாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் பிறந்தது. அதன் சீட்டுக்கு அடியில் ஓலையைச் சுருட்டிச் செருகும்போது, தாத்தா வண்டியின் மணியை ஒருதரம் தடவிக்கொடுத்தார்.

என் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்கான குறிப்புகளை அச்சடித்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், மொபைலிலும் கிடைக்கின்றன. அவை எந்த வீட்டுக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த வீட்டுக்கும் பொருந்தாது. இந்த ஆட்டுக்கல்லும் இந்தச் சைக்கிளும் இந்த வீட்டில் மட்டும்தான் இருக்கின்றன. தினமும் தாண்டிப் போகிற பொருளை நாளைக்கு ஒரு பிள்ளை மண்டியிட்டுத் தடவிப் பார்க்கும். அதற்காகவே இந்த ராத்திரி முழுக்க விழித்திருக்கலாம்.

ஒரு சிக்கல். வரப்போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், இரண்டு பேர் இன்னும் எல்.கே.ஜி. தமிழாசிரியை தமிழை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. குட்டிகளுக்குப் படம் போட்ட சீட்டு, பெரிய பிள்ளைகளுக்குக் கொட்டை எழுத்து, முட்டிக்கொண்டு நின்றால் பாட்டியிடம் போகலாம். பாட்டிதான் கப்பலின் புலவர். படித்துச் சொல்வதற்குக் கட்டணம், ஒரு துண்டு மாம்பழம் சாப்பிட வேண்டும். “மாம்பழமா? எல்லாரும் என்கிட்டயேதான் வருவாங்க” என்று பாட்டிக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு கிரீச்சிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருக்கிறாள் பிறந்தநாள் பெண்! வரைபடம் பாயின் அடியில் போகிறது, தாத்தா அட்டைப்பெட்டிக்குள் தலையை விடுகிறார். ஒற்றைக் கண் பட்டையும் அட்டைக் கத்தியுமாக அப்பா மட்டும் நட்டநடு ஹாலில் திருதிருவென விழிக்கிறார். “உங்கப்பா கம்பெனியில டிராமாவாம், நீ போய்ப் படு கண்ணு” என்கிறார் பாட்டி, கண் சிமிட்டாமல். அவள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், போய்ப் படுத்தாள். நம்பினாளா? இரண்டு நிமிஷம் யாரும் மூச்சுவிடவில்லை.

புதையலின் இடம் பற்றி நான் இன்னும் சொல்லவில்லையே. அதுதான் இந்த வேட்டையின் உச்சம். கொள்ளையர் என்றாலே ஜாக் ஸ்பாரோ என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, தோழி நேராகப் பதிற்றுப்பத்துக்குப் போய்விட்டார். சேர மன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலுக்குள் படை நடத்திப்போய், தீவில் இருந்த பகைவரின் காவல் மரமான கடம்பை வெட்டி வீழ்த்தி, அந்த மரத்திலேயே முரசு செய்தான் என்கிறது இரண்டாம் பத்து. பாடியவர் குமட்டூர்க் கண்ணனார். அந்தப் பகைவர்கள் வணிகக் கப்பல்களை மறித்த கடற்கொள்ளையர் என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள். மாடித்தோட்டத்தில் நீல டிரம்மில் வளரும் முருங்கைதான் நாளைக்குக் கடம்பு. மரத்தை வெட்ட யாருக்கும் அனுமதி இல்லை. மரத்தடியில் பிஸ்கட் டின் முரசு இருக்கும். பிள்ளைகளின் இரண்டு அணியும் சேர்ந்து கொட்டினால்தான் பெட்டியின் சாவி கைக்கு வரும். இதைக் கேட்டதும் தாத்தா மடியிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டப் போனார். பாட்டி பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பிள்ளைகளைச் சினிமா காட்டுகிறேன் என்று பெரியப்பா ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது மொட்டைமாடிக்கு ஏறுங்கள், தாத்தா கப்பல் கட்டுகிறார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்த அதே தொழிற்சாலை. அந்தக் கை இன்று ஃபிரிட்ஜ் பெட்டியையும் வாஷிங் மெஷின் பெட்டியையும் இணைத்துக்கொண்டிருக்கிறது. அளவு நாடா, காதில் பென்சில், நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஓடிவந்து சொட்டும் வியர்வை. “அரை இஞ்ச் சாஞ்சிருக்கு” என்று மூன்றாவது முறையாகக் கொடிமரத்தைப் பிடுங்குகிறார். கொடிமரம் என்பது ஒட்டடைக் கம்பு. பாய், பாட்டியின் பழைய வாயில் புடவை.

மோர்ச் செம்போடு மேலே வந்த பாட்டி கப்பலைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். “‘ஆயிரத்தில் ஒருவன்’ல இதைவிடப் பெரிசா இருக்கும்” என்றார். அதுவும் 1965தான். பி.ஆர்.பந்துலு இயக்கி, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த படம். வைத்தியராக இருக்கும் எம்.ஜி.ஆர் கடற்கொள்ளையரிடம் போய்ச் சேர நேரும் கதை. தாத்தா விட்டுக்கொடுப்பாரா? “அதுக்குக் கம்பெனி செலவு பண்ணுச்சு. இது முழுக்க என் சொந்தச் சரக்கு!” என்றபடி கப்பலின் மூக்கில் பிரஷ்ஷால் பெயர் எழுதினார், ‘கடல் புறா’. சாண்டில்யனைத் தொடராகப் படித்த தலைமுறை அல்லவா? எதிரணிக்கு ‘ஜலதீபம்’. அந்த நாவலில் வரும் கனோஜி ஆங்கரேயை ஆங்கிலேயர் கொள்ளையன் என்றார்கள். மராட்டியருக்கோ அவர் கடற்படைத் தளபதி. யார் கொள்ளையர், யார் காவலர் என்று பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்ளட்டும் என்று தாத்தா அதை வேண்டுமென்றே வைத்தாராம்.

கீழே புதையல் பெட்டி நிரம்புகிறது. பரணிலிருந்து இறக்கிய ட்ரங்குப் பெட்டி. திறந்ததும் ஒரு பல்லி தாவி ஓடியது, அப்பா அதைவிட வேகமாக ஓடினார். தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசு வேலைக்காகாது. சோதனைக்கு மாடியில் வைத்த ஒன்று பத்து நிமிஷத்தில் தாளுக்குள் குழம்பாகிவிட்டது. அதனால் கமர்கட், தேன்மிட்டாய், கடலை உருண்டை, ஒவ்வொன்றும் ஜிகினாத் தாளில். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியைத் தண்ணீர் நிறைந்த தட்டின் நடுவில் பலகை போட்டு நிறுத்தியிருக்கிறார் பாட்டி. காசுகள் அட்டையில். உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கி அதில் வில், புலி, மீன் செதுக்கி, மஞ்சள் சாயத்தில் தொட்டுத் தொட்டு முத்திரை குத்துகிறார் தோழி. புலி மட்டும் பூனையாக வந்திருக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை.

பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் சித்தப்பா வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். “1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள கிடைச்ச பொருளோட மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும்.” உண்மையாகவே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது! 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது செம்பு நிறைய 505 தங்கக் காசுகள் கிடைத்ததே, அதைக்கூட அதிகாரிகளிடம்தான் ஒப்படைத்தார்கள். “எந்தக் கலெக்டர்?” என்று அப்பா கேட்க, கச்சேரி களைகட்டியது. அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். புதையலில் பாதியைக் கண்டுபிடிக்கப்போவது ஆவடிப் பிள்ளைகள் என்றால் வழக்கு எங்கே நடக்கும்? “கமர்கட்டுக்கெல்லாம் கலெக்டர் வரமாட்டாருங்க, வந்து வாழைக்காய் நறுக்குங்க” என்று சித்தி சமையலறையிலிருந்து தீர்ப்புச் சொன்னார். பஜ்ஜிக்கு மாவு கரைத்தாகிவிட்டது.

மூன்றரை மணிக்குப் படை திரும்பியது. தெருப் பிள்ளைகளும் சேர்ந்து ஒப்பனை அறையில் ஒரே தள்ளுமுள்ளு. கண்மையில் மீசை வரைந்த வேகத்தில் வியர்வையில் வழிந்து, பாதிப் பேருக்கு மீசை தாடியாகிவிட்டது. கேப்டன் யார் என்று அடிதடி. “பொண்ணுங்க கொள்ளைக்காரங்களா இருக்க முடியாது” என்று ஆவடிப் பையன் சொல்லிவிட்டான். தோழி மண்டியிட்டு அவன் எலாஸ்டிக்கைச் சரிசெய்துகொண்டே, ஆன் போனி, மேரி ரீட் என்று இரண்டு பெண்கள் ஆண்களுக்குச் சமமாகக் கப்பலில் சண்டை போட்டதையும், 1720இல் ஜமைக்காவில் அவர்கள்மேல் வழக்கு நடந்ததையும் சொன்னார். பையன் வாய் பிளந்தான். “கொள்ளைக்காரங்க நம்ம பக்கம் வந்ததே இல்லையா சித்தி?” “வராமயா? கேப்டன் கிட் 1698இல் ‘கெடா மெர்ச்சன்ட்’ங்கிற பெரிய சரக்குக் கப்பலைப் பிடிச்சது நம்ம கேரளா பக்கத்துக் கடல்லதான்.” அதற்கு மேல் அவன் கேப்டன் பதவி கேட்கவில்லை. கேரளா எந்தத் திசை என்று மட்டும் கேட்டான். பிறந்தநாள் பெண்ணின் தலையில் கேப்டன் தொப்பி ஏறியது.

பாட்டி கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் கப்பல் கிளம்பியாக வேண்டும். நாலு இருபத்தைந்து! மாடித் தரையில் மூன்று வாளி தண்ணீர் கொட்டிச் சூட்டைத் தணித்துவிட்டு அப்பா ஓடிவருகிறார். விசில் ஊதுகிறது. ஓ.டி. துறைமுகத்திலிருந்து கடல் புறாவும் ஜலதீபமும் புறப்பட்டன!

வாருங்கள், நாம் மாடிப்படித் திருப்பத்தில் சித்தியோடு நின்றுகொள்வோம். இங்கிருந்து எல்லாம் தெரியும். ஆப்பிளைப் பிடுங்கிய கைகள், ஆட்டுக்கல்லைச் சுற்றிக் குனிந்த தலைகள். “இது எப்ப வந்துச்சு நம்ம வீட்டுக்கு?” என்று பிறந்தநாள் பெண் கேட்டபோது, “நான் கல்யாணம் ஆகி வந்தப்ப” என்று பாட்டி மாம்பழத் தட்டோடு குரல் கொடுத்தார். காக்கை முனையில் நிஜமாகவே ஒரு காக்கை ஓலையைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. அப்பா பூனைபோல் பம்மிப்போய் மாற்றுச் சீட்டு வைத்துவிட்டு வந்தார். ஒரு குட்டி சம்ப் பக்கம் போய் அபராதக் காசைச் சித்தப்பாவிடம் கொடுத்து, ரசீது கேட்டாள். புலவர் பாட்டியின் முன்னால் வரிசை நீண்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கிய ஆவடிப் பையன் நாலாவது சீட்டில் பாட்டியைக் கையமர்த்தினான். “இருங்க பாட்டி, நானே படிக்கிறேன். ம...ணி... அடித்...தால்...” சித்தி என் கையை அழுத்தினார். தோழி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, அவன் வாயசைப்பதற்கு ஏற்பத் தானும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

கத்திரித் தீவுக்கு இரண்டு அணியும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. கடம்பு என்று எழுதிய அட்டை முருங்கையில் ஆடுகிறது. முரசு யாருக்கு என்று இழுபறி; ஒருவர் மாற்றி ஒருவர் கொட்டினார்கள், சாவி வரவில்லை. ஓலையை மறுபடி படித்தார்கள். ‘இரு கப்பலும் ஒரு முழக்கம்.’ ஒரு நொடி அமைதி. அப்புறம் பாருங்கள்! பத்துப் பன்னிரண்டு கைகள் சேர்ந்து அந்த பிஸ்கட் டின்னை வெளுத்து வாங்கின. தாத்தா கப்பலுக்குள்ளிருந்து சாவியைச் சுழற்றிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் அங்கே குந்தியிருந்தது எங்களுக்கே தெரியாது.

கமர்கட் வாயோடு பேச முடியாமல் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா மேலே வந்தார். சண்டைக்கு வருகிறாரோ என்று அப்பா பம்மினார். அவரோ கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து, “அடுத்த ஞாயித்துக்கிழமை என் பேரனுங்க பூந்தமல்லியிலிருந்து வராங்க. இதைக் கொடுப்பீங்களாப்பா?” என்று தாத்தாவைக் கேட்டார். தாத்தாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கப்பலைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மாடிப்படிக் கதவுக்குப் போனார்கள். கப்பல் கதவைவிட ஒரு முழம் அகலம். பிள்ளைகள் “திருப்புங்க, சாய்ங்க, பாய்மரத்தை மடக்குங்க” என்று ஆளுக்கொரு கட்டளை போட, தாத்தா காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு அளவு நாடாவை நீட்டினார். மறுமுனையைக் கேப்டன் பிடித்துக்கொண்டாள்.